செருப்பைத் தேடிய விமானி

“உன் நாக்கு அழுகிப் போகும்டி! என் பிள்ளை பிளேன் ஓட்டப் போறான்னதும் உனக்கு வயிறு எரியுது!”

“எரியுதுலா! நல்லா எரியுது! வேணும்னா ஒரு சட்டி கொண்டாந்து சோறு பொங்கிட்டுப் போ!”

சுங்கை லாலாங்கில், தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய அந்தத் தாமான் குடியிருப்பில் செடிகளுக்கு இவ்வளவு தண்ணீர் எந்தக் காலையிலும் விழுந்ததில்லை. தெருவே ஆளுக்கொரு குழாயைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றது. தண்ணீர் எங்கே போகிறதென்று ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லார் காதும் பிரேமாவதி வீட்டுக்கும் அழகம்மா வீட்டுக்கும் நடுவிலிருந்த இடுப்பளவுச் சுவரில் ஒட்டிக் கிடந்தது.

சுவரோரம் பிரேமாவதியின் மகன் லோகேஸ்வரன் வெளிறிப் போய் நின்றான்.

“மா, போதும். உள்ள வா.”

“நீ சும்மா இருடா தம்பி! இவ என்ன சொன்னான்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!”

இவ என்ன சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது. அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. யாரோ தப்பாகச் சொல்லி வேலை நின்றுபோய்விட்டது என்று மட்டும் முனகியிருந்தான். மிச்சத்தைப் பிரேமாவதி தானே கட்டிக்கொண்டு சுவர் வரைக்கும் வந்துவிட்டாள்.

விமான கம்பெனிகள் எப்படி ஆள் எடுக்கின்றன என்பதைப் பற்றி அந்தத் தெருவுக்குக் கருத்துப் பஞ்சமில்லை. மேலிடத்தில் கேபிள், அதாவது சிபாரிசு, இருந்தால்தான் ஆகும் என்பார்கள் சிலர். சிவப்பாக, உயரமாக, பல் வரிசையாக இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். உண்மையில் லோகேஸ்வரன் பட்ட பாடு வேறு. ஆயிரக்கணக்கில் மனுப் போட்டவர்களில் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு, முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துக் கண்ணையும் கையையும் கணக்கையும் சோதித்தார்கள். பிறகு முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் போட்டு, ஒரு சிக்கலைக் கொடுத்து, எவன் கத்துகிறான், எவன் வாயே திறக்கவில்லை, எவன் அடுத்தவன் பேச்சைக் கேட்கிறான் என்று ஓரத்திலிருந்து கவனித்தார்கள். அப்புறம் சிமுலேட்டரில் ஓர் இன்ஜினை அணைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள். உடம்பை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்கள். எல்லாவற்றிலும் தேறினான். கோவிட் காலத்தில் விமானமெல்லாம் தரையில் நின்றபோது கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டியவனுக்கு அது சாமி வரம்.

கடைசியாக ஒன்றுதான் பாக்கி. குடும்பத்துக்கு வெளியே, சிறு வயதிலிருந்து அவனை அறிந்த ஒருவரிடம் விசாரிப்பார்கள். அவன் அழகம்மாவின் பெயரையும் போன் எண்ணையும் கொடுத்தான். அவளிடம் மட்டும் சொல்லியும் வைத்தான்.

நேற்று, கம்பெனிக்காக ஆள் விசாரிக்கும் இடத்திலிருந்து தேவகி என்ற பெண் கூப்பிட்டாள். குரல் தயங்கியது.

“சார், உங்களுக்குச் சின்ன வயசிலேர்ந்து வலிப்பு வரும்னு சொல்றாங்க. வர்றதுக்கு முன்னாடி ரப்பர் கருகற வாடை அடிக்குதுன்னு சொல்வீங்களாம். கையில சாவிக்கொத்தைக் கொடுப்பாங்களாம். முழிச்சதும் யாரையும் அடையாளம் தெரியாம முதல்ல செருப்பைத் தேடுவீங்களாம். இது உண்மையா?”

இன்று ஒரு நாள்தான் இருக்கிறது; நாளைக் காலைக்குள் விளக்கம் வேண்டும். இல்லையென்றால் பெயர் போய்விடும். பெயரோடு போனாலும் பரவாயில்லை, விஷயம் விமானத் துறை மருத்துவர்களிடமும் போகும். அப்புறம் அவன் எந்தக் கம்பெனியிலும் வானத்தைத் தொட முடியாது.

ஆனால் ராத்திரி முழுக்க அவனைக் கண் மூடவிடாமல் செய்த பயம் அதுவல்ல. உண்மையாக இருந்துவிட்டால்? முழித்தவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காதாமே! பின்னால் நூறு, இருநூறு பேரை உட்காரவைத்துக்கொண்டு மேகத்துக்குள் போகும்போது திடீரென்று ரப்பர் கருகும் வாடை வந்தால்? அம்மாவை ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும். அவள் “ஆமாம்” என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டு, சுங்கை பட்டாணியில் கேக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் அம்சவள்ளிக்குப் போன் போட்டான்.

அந்த அம்சவள்ளியின் பழைய கார் இப்போது தெருவுக்குள் வந்து நின்றது. அவள் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் காயங்களையும் பொய்ச் சாவுகளையும் பிடித்தவள். செத்ததாகக் கணக்குக் காட்டியவனைத் தைப்பிங்கில் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிடும்போது பிடித்த கதையை யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். வண்டியை ஓட்டிவந்தவன் அவள் உதவியாள் தயாளன்.

“அக்கா, தெருவுல வெள்ளம். நீச்சல் டிரஸ் கொண்டாரலையே” என்றான் அவன்.

அம்சவள்ளி நேராகச் சுவரைச் சுற்றிக்கொண்டு அழகம்மாவின் அடுப்படிக்குப் போனாள். லோகேஸ்வரன் பின்னாலேயே ஓடினான். பிரேமாவதியைத் தயாளன் வாசலில் பேச்சுக் கொடுத்து நிறுத்திக்கொண்டான்.

“அழகம்மாக்கா, மெதுவாப் பேசுங்க. இவனுக்கு வலிப்புன்னு போன்ல சொன்னது நீங்களா?”

அழகம்மா கையிலிருந்த கரண்டி நின்றது. “வலிப்பா? இந்தக் குழந்தைக்கா? யார்மா சொன்னா?”

“உங்க போனுக்குத்தான் வந்திருக்கு. எடுத்துப் பேசியிருக்காங்க. இதோ, உங்க போன்லயே நம்பர் இருக்கு பாருங்க.”

“என் போன் என் போனா? அந்தச் சுவர் மேலயே கெடக்கும், தெருவே எடுக்கும். எவ எடுத்தாலும் ‘ஆமா, அழகம்மாதான் பேசறேன்’னு சொல்லிடுவா. இல்லன்னா ஆள் இல்லன்னு வச்சிடுவானுங்க, சேதி போயிடும் இல்ல?”

அது அந்தத் தெருவின் வழக்கம். நல்லெண்ணத்தில்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தோம்புக்காரனிலிருந்து கோயில் கமிட்டி வரை எல்லாரிடமும் அழகம்மா வெவ்வேறு குரலில் பேசியிருக்கிறாள்.

“அப்ப சந்தேகப்பட வேண்டியவங்க ஒருத்தர் இல்ல, இருபது வீடு” என்றாள் அம்சவள்ளி. “சரி. இந்தத் தெருவுல வலிப்பு வர்றவங்க யாராச்சும்?”

“இங்க யாருமில்ல. யான் ஊர்ல இருக்கானே இவன் தாய்மாமன் சிவநேசன், அவனுக்கு ஒரு காலத்துல இருந்துச்சுன்னு கேள்வி. நான் பாத்ததில்ல.”

மாமாவுக்கா? லோகேஸ்வரன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அப்படியானால் ரத்தத்திலேயே இருக்கிறது.

காரில் ஏறியதும் அம்சவள்ளி பின்னால் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“தம்பி, நான் எத்தனையோ பொய் வலிப்பு பாத்திருக்கேன். பொய் சொல்றவங்க நுரை தள்ளுச்சும்பாங்க, கை காலு இழுத்துச்சும்பாங்க. சினிமாவுல அதான் வரும். செருப்பைத் தேடுவான்னு எவனும் கற்பனை பண்ண மாட்டான். இது பக்கத்துல உக்காந்து பாத்த கண்ணு.”

“அப்ப... உண்மைங்கறீங்களா?”

“யாரோ ஒருத்தருக்கு உண்மை. அது நீங்களா இல்லையாங்கறதுதான் கேள்வி.”

ஆறுதல் சொல்வதில் அம்சவள்ளிக்கு அவ்வளவு பயிற்சி இல்லை.

சிவநேசனைப் பார்க்க யானுக்குப் போகும் குருண் சாலையின் இரு பக்கமும் செம்பனை. வரிசை வரிசையான மரங்களுக்கு நடுவே வெயில் மின்னி மறைந்து மின்னி மறைந்து அவன் முகத்தில் அடித்தது. இப்படி விட்டு விட்டு அடிக்கும் வெளிச்சம்தான் வலிப்பைக் கூப்பிடும் என்று ராத்திரி போனில் படித்திருந்தான். கண்களை இறுக மூடினான். மூடினால் இமைக்குள் சிவப்பு மின்னியது. விரல்களைப் பார்த்தான். சுண்டு விரல் ஆடுகிறதா, வண்டி ஆடுகிறதா?

முன்னால் அம்சவள்ளி தேவகிக்குப் போன் போட்டு, சத்தமாக எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“என்னென்ன கேள்வி கேட்டீங்கம்மா?”

“எல்லாருக்கும் கேக்கறதுதான் அக்கா. குடிப்பாரா, கோவக்காரரா, கூட்டாளிங்க எப்படி, ராத்திரி நல்லாத் தூங்குவாரா, குடும்பத்துல பெரிய நோய் எதுவும் உண்டா...”

“எந்தக் கம்பெனிக்குன்னு சொன்னீங்களா?”

“சொல்ல மாட்டோம். சொன்னா எல்லாரும் ஒரேயடியாப் புகழ்ந்து தள்ளிடுவாங்க. பேசினவங்க பாதியில அழுதாங்க அக்கா. அதான் நானும் நம்பிட்டேன்.”

“மேடம்” என்று தயாளன் குறுக்கே விழுந்தான், “உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு. இதே கேள்வியைத்தான் பட்டர்வொர்த்துல ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க என்னைப் பத்தி ஊர்ல விசாரிச்சாங்க. நான் முதல் கேள்வியிலேயே ஃபெயிலு.”

தேவகி சிரித்துவிட்டாள். அம்சவள்ளி சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, ஜெராய் மலையையே பார்த்துக்கொண்டு வெகுதூரம் பேசாமல் வந்தாள்.

அப்போதுதான் லோகேஸ்வரனுக்கு அந்த வாடை அடித்தது.

ரப்பர். கருகும் ரப்பர்.

முன்னால் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வரவில்லையா? எனக்கு மட்டும்தானா? கேட்கலாம். ‘வாடை வருதா?’ என்று ஒரே ஒரு கேள்வி. வாய் வரவில்லை. ‘இல்லையே’ என்று பதில் வந்துவிட்டால்? சட்டைப்பையில் வீட்டுச் சாவி இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பற்கள் பதியும்படி இறுக்கினான். இதோ வருகிறது, இதோ வந்துவிட்டது...

“தயாளா” என்றாள் அம்சவள்ளி. “ஹேண்ட்பிரேக்கை இறக்கினியா?”

“ஐயோ லா!”

வண்டி ஓரத்தில் நின்றது. பின் சக்கரத்திலிருந்து புகை வந்தது. லோகேஸ்வரன் கதவைத் திறந்து புல்லில் உட்கார்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான்.

“கெளம்பினதுலேர்ந்தே வண்டி நகர மாட்டேங்குதேன்னு பாத்தேன்” என்றான் தயாளன். “பிளேன்ல ஹேண்ட்பிரேக் உண்டாண்ணே?”

யான் வந்தபோது காடு போய் வயல் வந்தது. சாலையோரத்தில் தண்ணீர்ப் பம்பும் அறுவடை எந்திரமும் பழுதுபார்க்கும் கொட்டகையில் சிவநேசன் எண்ணெய்க் கையோடு எழுந்தார்.

“அடடே, மருமகனே! என்னடா திடீர்னு?”

அம்சவள்ளி சுற்றி வளைக்கவில்லை. வாடை, சாவிக்கொத்து, செருப்பு மூன்றையும் அவர் முன்னால் வைத்தாள். சிவநேசனின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

“இது என் கதையாச்சே. இதை யார் உங்ககிட்ட சொன்னா?”

“உங்களுக்கா?”

“எனக்குத்தான். வாலிபத்துல மோட்டர் சைக்கிள்லேர்ந்து விழுந்து மண்டை ஒடஞ்சிச்சு. அன்னிக்கு ஒத்தைச் செருப்பு எங்கயோ போச்சு. அப்புறம் வலிப்பு வந்து முழிக்கறப்பல்லாம் அதையே தேடுவேனாம். மருந்து சாப்பிட்டு நின்னே ரொம்பக் காலம் ஆச்சு. கிளினிக் அட்டைகூட இருக்கு.”

“அடிபட்டதால வந்ததா? பரம்பரை இல்லையே?” என்றாள் அம்சவள்ளி.

“எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாது. அடிபட்டதாலதான்னு டாக்டரே எழுதியிருக்கார்.”

லோகேஸ்வரன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டான். நேற்று மாலைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது. அது பாதியிலேயே நின்றது, அம்சவள்ளி அடுத்த கேள்வியைக் கேட்டதால்.

“செருப்பைத் தேடறதைப் பாத்தவங்க யாரு?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு. அதனால என் சம்சாரத்துக்கே தெரியாது.” சிவநேசன் மருமகனைப் பார்க்காமல் சொன்னார். “பக்கத்துல உக்காந்து வாயைத் தொடச்சிவிட்டது எங்க அக்கா ஒருத்திதான்.”

தயாளன் போய் வண்டியைத் திருப்பி நிறுத்தினான்.

அக்கா. பிரேமாவதி. காலையில் சுவருக்கு மேல் நெஞ்சில் அடித்துக்கொண்டு மகனுக்காகக் கத்தியவள்.

திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சிவநேசன் அட்டையை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தார். லோகேஸ்வரனுக்கு இப்போது வேறு பயம். அம்மா தன்னை ஏன் அழிக்க நினைத்தாள்? வானத்தில் ஏறக் கூடாது என்றா? விமானம் விழுந்துவிடும் என்று பயந்தா? ஒவ்வொரு கேள்வியும் முந்தியதைவிட மோசமாக இருந்தது.

வீட்டு வாசலில் தம்பி சிவநேசனைக் கண்டதும் பிரேமாவதி முகம் மலர்ந்தது. அவன் கையில் இருந்த அட்டையைப் பார்த்ததும் வாடியது.

இந்தத் தடவை லோகேஸ்வரன் அம்சவள்ளிக்கு விடவில்லை. தானே கேட்டான்.

“மா, எனக்கு வலிப்பு வருமா?”

“சீ! உனக்கு ஏன்டா... யார் சொன்னா?”

“அழகம்மாக்கா போன்ல யாரோ சொல்லியிருக்காங்க. செருப்பைத் தேடுவேன்னு. அதாம்மா வேலை நின்னது.”

பிரேமாவதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“பொண்ணு வீட்டுக்காரங்கன்னு நெனச்சேன்டா.”

“என்னது?”

“அலோர் ஸ்டார் துணிக்கடை சதாசிவம் வீட்டுல அவங்க பொண்ணு நளினிக்கு உன்னைப் பாக்கலாம்னு கோயில்ல பேசிக்கிட்டாங்க. அவங்களுக்கு ஆம்பளைப் பிள்ளை கெடையாது. மாப்பிள்ளையை வீட்டோட வச்சிக்குவாங்க. மூத்தவ புருசனைப் பாத்தியா, கடையில துணி மடிச்சிக்கிட்டு, பெத்தவளை வந்து பாக்கவும் பெர்மிஷன் கேக்கறான். அன்னிக்கு நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். சுவர் மேல போன் அடிச்சிச்சு. எடுத்தேன். பையன் குடிப்பானா, கோவக்காரனா, நோய் உண்டான்னு ஒரு பொண்ணு கேக்குது. வேற எதுக்குடா இதெல்லாம் கேப்பாங்க?”

“வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்லக்கா?” என்றான் தயாளன்.

“அவ்வளவு பெரிய மனுசன் வீட்டுப் பொண்ணை வேணாம்னு எப்படிச் சொல்றது? ஜென்மப் பகை ஆயிடாதா? நம்ம பையன் மேல ஒரு குறையைச் சொன்னா அவங்களே மரியாதையா வெலகிடுவாங்க. எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க? ஜாதகத்துல தோஷம்னு சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். பரிகாரம் பண்ணிக்கலாம்னு வந்துட்டாங்கன்னா? அதான்... சிவநேசனைப் பாத்த மாதிரியே சொன்னேன். சொல்றப்போ அழுகையும் வந்துடுச்சு.”

அம்சவள்ளி தலையை ஆட்டினாள். “தயாளன் ஒளறினப்பவே எனக்குத் தட்டுச்சு. பைலட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே கேள்வி. எடுத்தவங்க எதுக்குன்னு நெனச்சுப் பதில் சொன்னாங்கன்னுதான் அப்ப புரியல.”

பிரேமாவதி மகன் காலைப் பிடித்துக்கொண்டாள். “உன் இறக்கையை நானே வெட்டிட்டேனேடா தம்பி! அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. நான் பொய்க்காரின்னு நானே சொல்றேன்.”

சொன்னாள். தேவகி கேட்டுவிட்டு, “அதே குரல்தான்” என்றாள். உடனேயே குரலைத் தாழ்த்தினாள். “ஆனா அக்கா, இப்போ அம்மா பேசறாங்க. மகனுக்காகப் பொய் சொல்றாங்கன்னு கம்பெனியில நெனச்சா?”

முதல் பொய்யை நம்பியவர்கள் இரண்டாவதாக வந்த உண்மையை நம்ப வேண்டுமே!

மறுநாள் காலை கேக் கடை மாடியில், வீடியோவில், விமான கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் லோகேஸ்வரனைப் பார்த்தார்கள். சிவநேசன் தன் அட்டையைத் திரைக்கு முன்னால் அடையாள அட்டைபோல் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் இருந்த நரைத்த கேப்டன் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“உங்கம்மாவை முதல்லயே ஏன் கேக்கல?”

கதவுக்குப் பின்னால் நின்ற தயாளன், நல்ல பொய்யாக ஒன்று சொல்லேன் என்று வாயசைத்தான். லோகேஸ்வரன் அவனைப் பார்க்கவில்லை.

“பயம், சார். ஆமான்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். கேக்காம இருந்தது தப்பு.”

கேப்டன் எதையோ குறித்துக்கொண்டார். திரை அணைந்தது. வெளியே பிரேமாவதி படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பதில் வரவில்லை.

வாரங்கள் கழித்து வந்தது. மூளைச் சோதனை முதல் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று ஆனது. அடுத்த பயிற்சி அணியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். பயந்ததை ஒத்துக்கொண்டதுதான் காரணம் என்று தேவகி தயாளனிடம் சொன்னாளாம். இது எப்படித் தெரியும் என்றால், அவர்கள் இருவரும் தினம் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கல்யாணம் ஆகி பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறார்கள்.

சதாசிவம் மகள் நளினி பினாங்கில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் லோகேஸ்வரன் பெயர் ஒருநாளும் அடிபட்டதே இல்லை என்று பிறகு தெரிந்தது. கோயிலில் பேசியது வேறு எந்த லோகேஸ்வரனோ! அழகம்மா கூலிமுக்கு, மகள் வீட்டோடு போய்விட்டாள்.

விமான கம்பெனி நம்பியதைக் கெடா மாநிலம் நம்பவில்லை. பைலட் வேலை, நல்ல பையன், ஆனால் வலிப்பாமே என்று பாலிங்கிலிருந்து யான் வரைக்கும் பேச்சு ஓடி, ஒரு பெண் வீடும் வாசலை மிதிக்கவில்லை. கடைசியில் அவன் சுபாஷினியைக் கட்டிக்கொண்டான். கோலாலம்பூர்ப் பெண், கெடாவில் ஒரு சொந்தமும் இல்லாதவள். அவள் வீட்டிலும் ஆண் பிள்ளை கிடையாது, ஒரே மகள். அவர்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போகிறவனுக்கு வசதி என்று, லோகேஸ்வரன் மாமியார் வீட்டோடு இருக்கிறான்.